கல்யாணமானவர்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் காமெடி: நான்கில் எதைப் போடுவது?

"கல்யாண நாள் வருகிறது, பழைய ஹாலிவுட் காமெடி ஒன்றைச் சேர்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். காதலிக்கிறவர்கள் கதை வேண்டாம், கல்யாணம் ஆனவர்கள் கதை வேண்டும். எது?"

இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவில் பலர் கேட்டுவிட்டார்கள். இணையத்தில் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லாப் படமும் காவியம், எல்லாவற்றையும் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் ஒன்றைச் சொல்ல, இன்னொருவர் "அது பழசு" என்க, "எல்லாமே பழசுதானே" என்று ஆரம்பித்து, படம் பார்க்காமலேயே சண்டை முடிந்திருக்கும்.

அதனால் நான்கே நான்கு படங்களை எடுத்துக்கொள்கிறேன்: தி தின் மேன் (1934), தி ஆஃபுல் ட்ரூத் (1937), மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித் (1941), ஆடம்ஸ் ரிப் (1949). நான்கிலும் கதை தொடங்கும்போதே நாயகனும் நாயகியும் கணவன் மனைவி.

இந்த வகைப் படங்கள் அந்தக் காலத்தில் இத்தனை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட் தன் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்த ஆரம்பித்தது. கள்ள உறவை வைத்துச் சிரிப்பு மூட்டுவது கஷ்டமாகிவிட்டது. கதாசிரியர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள்: கல்யாணமான ஜோடியைப் பிரித்துவிடு, விவாகரத்து வரைக்கும் கொண்டுபோ, அப்புறம் அவர்களையே மறுபடி ஒருவர் பின்னால் ஒருவர் அலையவிடு. எவ்வளவு சரசம் செய்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது, புருஷன் பொண்டாட்டிதானே! ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1981இல் இவற்றுக்கு 'மறுமணக் காமெடி' என்று பெயர் வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட ஏழு படங்களில் ஆஃபுல் ட்ரூத்தும் ஆடம்ஸ் ரிப்பும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், படத்தில் திருமணம் எவ்வளவு இருக்கிறது. கணவன் மனைவி என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, கதை வேறு எங்கோ ஓடும் படங்கள் நிறைய.

இரண்டாவது, பேச்சின் வேகம். முப்பதுகளின் காமெடிகளில் வசனம் மழை மாதிரி கொட்டும். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே சப்டைட்டில் தேவைப்படும். அதைப் படித்துக்கொண்டே முகத்தையும் பார்க்க வேண்டும். பாதிச் சிரிப்பு முகத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்குப் படிக்கும் வேகம் குறைவு என்றால் இதைக் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிரிக்க, இன்னொருவர் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த ராத்திரி விடியாது.

மூன்றாவது, இன்றைக்குப் பார்க்கும்போது எங்கே இடிக்கிறது. எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய படங்கள். இடிக்காமல் இருக்காது. எந்த இடத்தில் என்று முன்பே தெரிந்தால் நல்லது.

நான்காவதைப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை: உங்கள் இருவருக்கும் இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது? என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும்விட இதுதான் முக்கியம். சந்தேகத்தை வைத்துச் சிரிக்கும் படத்தை, வீட்டில் சந்தேகம் புகைந்துகொண்டிருக்கும்போது போட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

| படம் | நேரம் (சுமார்) | திருமணம் எவ்வளவு | பேச்சு வேகம் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| தி தின் மேன் | 90 நிமிடம் | பாதி; மீதி துப்பறியும் கதை | மிதம் | ஓயாத குடி |
| தி ஆஃபுல் ட்ரூத் | 90 நிமிடம் | முழுக்க முழுக்க | வேகம். ஆனால் உடல்மொழிச் சிரிப்பு நிறைய | கணவனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் |
| மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித் | 95 நிமிடம் | முழுக்க | மிதம் | பின்பாதி இழுவை |
| ஆடம்ஸ் ரிப் | 100 நிமிடம் | முழுக்க, நீதிமன்றம் வழியாக | மிக வேகம் | ஓர் அடி, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய கிண்டல்கள் |

## தி ஆஃபுல் ட்ரூத்

யாரென்று தெரியாத ஒரு தம்பதிக்கு ஒரே ஒரு படம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜெர்ரி (கேரி கிராண்ட்) ஃப்ளோரிடா போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, போகவில்லை. எங்கே இருந்தான் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. வெயிலில் இருந்த மாதிரி தெரிய வேண்டுமே என்று கிளப்பில் விளக்கின் கீழ் படுத்து உடம்பைக் கறுக்க வைத்துக்கொள்கிறான். ஒரு கூடை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். மனைவி வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து லூசி (ஐரீன் டன்) தன் பாட்டு வாத்தியாரோடு வருகிறாள். ராத்திரி வழியில் கார் கெட்டுவிட்டதாம். இவன் குதிக்கிறான். அவள் ஆரஞ்சை எடுத்துப் பார்க்கிறாள். பழத்தின் தோலில் 'கலிஃபோர்னியா' என்று முத்திரை.

பத்தே நிமிடத்தில் விவாகரத்து வழக்கு. வீடு, பணம் எதற்கும் சண்டையில்லை. நாய் யாருக்கு என்பதில்தான் போட்டி. நாய் யாரிடம் போகிறதோ அவருக்கே என்கிறார் நீதிபதி. லூசி அதன் பொம்மையைக் கைக்குள் மறைத்துவைத்துக் காட்டி ஜெயிக்கிறாள். விவாகரத்து உறுதியாவதற்குத் தொண்ணூறு நாள் இருக்கிறது. அதற்குள் ஒருவர் இன்னொருவரின் புது உறவைக் கெடுப்பதுதான் மீதிப் படம்.

சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு காட்சி. லூசி அந்தப் பாட்டு வாத்தியார் வீட்டில் என்ன செய்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடிக்க ஜெர்ரி அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். உள்ளே கச்சேரி! சபை நிறைய ஆட்கள், பியானோ பக்கத்தில் நின்று லூசி பாடிக்கொண்டிருக்கிறாள். அசடு வழிந்துகொண்டு பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்கிறான். மெல்லச் சாய்கிறான். நாற்காலி சரிந்து, பக்கத்து மேஜையையும் இழுத்துக்கொண்டு தடாலென்று விழுகிறான். அவள் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டின் கடைசி ஸ்வரத்துக்கு வரும்போது அடக்க முடியாமல் வரும் சிரிப்பையே அந்த ஸ்வரமாக்கி முடிக்கிறாள். அவள் முகத்தில் அந்த நொடி தெரிவது கோபமல்ல. இந்த மடையனை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறதே என்ற கண்டுபிடிப்பு. சப்டைட்டிலே வேண்டாத காட்சி.

இயக்குநர் லியோ மெக்கேரி மௌனப் படக் காமெடிகளில் பழகி வந்தவர். படப்பிடிப்பில் திரைக்கதையைப் பெரிதாக மதிக்காமல், அன்றன்று காலையில் யோசித்து அன்றன்று எடுத்தார். இது என்ன கூத்து என்று பயந்துபோன கேரி கிராண்ட், விலகிக்கொள்ளவே பார்த்தார். இரண்டாம் நாயகன் ரால்ஃப் பெல்லமியின் வேடத்தைத் தனக்குக் கொடுக்கும்படிகூடக் கேட்டார். நல்ல வேளை, நடக்கவில்லை. நமக்குத் தெரிந்த 'கேரி கிராண்ட்' உருவானதே இந்தப் படத்தில்தான். மெக்கேரிக்கு இதற்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர், தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். அதே வருஷம் வயதான தம்பதியைப் பற்றி அவர் எடுத்த சோகப் படம்தான் அவர் மனதில் இருந்தது.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? ஜெர்ரியின் பொய் படத்தின் முதல் காட்சியிலேயே அம்பலம். ஆனாலும் படம் முழுக்க விசாரணைக் கூண்டில் நிற்பது லூசிதான். ஒரு ராத்திரி வெளியே தங்கிய மனைவி நம்பத்தக்கவளா என்பதே கேள்வி. ஃப்ளோரிடா போகாத கணவனை யாரும் கேட்பதில்லை. லூசி அதற்கு வட்டியும் முதலுமாகப் பதில் கொடுக்கிறாள் என்பது உண்மை. ஜெர்ரியின் புதுச் சம்பந்தி வீட்டுக்கு அவன் தங்கை என்று சொல்லிக்கொண்டு போய், குடித்தவள் போல ஆடி மானத்தை வாங்கும் காட்சிக்கே படத்தைப் பார்க்கலாம். இருந்தாலும் வீட்டில் இதே மாதிரி ஒரு புண் ஆறாமல் இருந்தால் இந்தப் படம் வேண்டாம். இன்னொன்று, கடைசி இருபது நிமிடம் ஒரு மலைவீட்டில் மெதுவாகப் போகும். தூக்கம் வருகிறவர்கள் அங்கேதான் தூங்குவார்கள். தூங்கவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து அறை, தாழ் நிற்காத கதவு, நள்ளிரவில் முடியும் தவணை, சுவரில் ஒரு கடிகாரம். 1937இன் தணிக்கையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆசையை எப்படித் திரைக்குக் கொண்டுவந்தார்கள் என்று இருக்கும்.

## ஆடம்ஸ் ரிப்

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இருவருக்கும் வாய் நீளம், இருவருக்கும் வாதம் பிடிக்கும் என்றால் ஆஃபுல் ட்ரூத்தையும் தாண்டி இதைப் போடுங்கள்.

தொடக்கமே அபாரம். ஒரு மனைவி (ஜூடி ஹாலிடே) தன் கணவனை நியூயார்க் கூட்டத்துக்குள் பின்தொடர்ந்து, இன்னொரு பெண்ணின் வீட்டில் பிடிக்கிறாள். கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுக்கிறாள். எப்படிச் சுடுவது என்று தெரியாமல், கூடவே வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறாள். படித்துவிட்டுச் சுடுகிறாள். ஆள் பிழைத்துக்கொள்கிறான்.

வழக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆடமிடம் (ஸ்பென்சர் ட்ரேசி) வருகிறது. அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராவது அவர் மனைவி அமாண்டா (கேத்தரின் ஹெப்பர்ன்). துரோகம் செய்த மனைவியைச் சுடும் கணவனை ஊர் மன்னிக்கிறது, அதையே ஒரு பெண் செய்தால் சிறையா என்பது அவள் வாதம். யார் சுட்டாலும் சட்டம் சட்டம்தான் என்பது அவர் வாதம். பகலில் நீதிமன்றத்தில் மோதல்; நடுவில் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதும் உண்டு. நாள் ஆக ஆகப் பென்சில் விழுவது நிற்கிறது. நீதிமன்றச் சண்டை சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது.

இதை எழுதிய ரூத் கார்டனும் கார்சன் கேனினும் நிஜத்திலேயே கணவன் மனைவி. தின் மேனின் திரைக்கதை எழுதிய ஃப்ரான்சிஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட்டும் அப்படியே. இந்த இரண்டு படங்களிலும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சு மட்டும் மற்றதைவிட இயல்பாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடம்ஸ் ரிப் கதைக்கு வித்தும் ஒரு நிஜ ஜோடிதான். நடிகர் ரேமண்ட் மாஸியின் விவாகரத்தில் அவருக்கு ஒருவரும் அவர் மனைவிக்கு ஒருவருமாக ஆஜரான வக்கீல் தம்பதி, வழக்கு முடிந்ததும் தாங்களும் விவாகரத்து செய்துகொண்டு ஆளுக்கொரு கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள்!

இடிக்கும் இடங்கள் இரண்டு. மனைவிக்கு மசாஜ் செய்துகொண்டிருக்கும் ஆடம், கோபத்தில் ஓங்கி ஓர் அடி வைக்கிறார். விளையாட்டுத் தட்டலுக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான் என்று அமாண்டா வெடிக்கிறாள். படம் இதைக் கண்டும் காணாமல் போகவில்லை, அந்தச் சண்டையில்தான் வீடு உடைகிறது. ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். இன்னொன்று, அமாண்டாவையே சுற்றிச் சுற்றி வரும் பக்கத்து வீட்டுப் பாடலாசிரியர் கிப். அவருடைய ஆண்மையைக் கிண்டல் செய்யும் வசனங்கள் இன்றைக்குச் சிரிப்பு வரவழைக்காது. அவர் அமாண்டாவுக்காகப் பாடும் பாட்டு மட்டும் புகழ்பெற்ற பாடலாசிரியர் கோல் போர்ட்டர் எழுதியது என்பதால் நிற்கிறது.

மறைவான செலவு வேறு. படம் முடிந்ததும் நீங்கள் வாதாடுவீர்கள். அமாண்டா வழக்கில் ஜெயிக்கிறாள், ஆடம் வீட்டில் ஒரு நாடகம் ஆடித் தன் வாதத்தை ஜெயிக்கிறார், பிறகு கண்ணீர் விட்டு அவளையும் ஜெயிக்கிறார். அந்தக் கண்ணீர் நிஜமா என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம் இருக்காது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ராத்திரியில் இதை ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள்.

பேச்சு வேகமும் சேர்ந்த செலவுதான். நான்கில் இதற்குத்தான் சப்டைட்டில் மிக அவசியம். வழக்கின் நுணுக்கம் புரியாவிட்டால் பாதிப் படம் போய்விடும்.

## தி தின் மேன்

இங்கே பிரிவே இல்லை. நிக் (வில்லியம் பவெல்), நோரா (மைர்னா லாய்) இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. படத்தின் முதல் நிமிடத்திலும் பிடித்திருக்கிறது, கடைசி நிமிடத்திலும். கல்யாண வாழ்க்கையைப் பற்றிய படம் என்றால் சண்டை வேண்டும், துரோகம் வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, சந்தோஷமான தம்பதியை வைத்தே சிரிக்க வைக்கலாம் என்று காட்டிய படம். நான்கு ஆஸ்கர் பரிந்துரை, 1947 வரை ஐந்து தொடர்ச்சிப் படங்கள். அத்தனைக்கும் இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக் இதை எடுத்து முடிக்க மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நிக் ஓய்வுபெற்ற துப்பறிவாளர், நோரா பணக்கார வீட்டுப் பெண். கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் வந்த இடத்தில் ஒரு கொலை வழக்கு காலைச் சுற்றுகிறது. நிக்குக்கு இஷ்டமில்லை, நோராவுக்குத்தான் ஆசை. வழக்கு என்ன, கொலையாளி யார் என்பதெல்லாம் எனக்கு ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும். நினைவில் நிற்பது வேறு. நிக் ஏற்கெனவே ஆறு மார்ட்டினி குடித்தாயிற்று என்று தெரிந்ததும் நோரா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, எனக்கும் இன்னும் ஐந்து கொண்டுவந்து வரிசையாக வை என்கிறாள். அறிவுரை இல்லை, முகம் சுளிப்பு இல்லை. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே நானும் வருகிறேன் என்பதுதான். கிறிஸ்துமஸ் காலையில் அவர் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு புதுக் காற்றுத் துப்பாக்கியால் மரத்தில் தொங்கும் பலூன்களைச் சுட, அவள் ஃபர் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத காட்சி. எனக்குப் பிடித்த காட்சி.

இது வெளியானது 1934 மே மாதம், தணிக்கை இறுகுவதற்குச் சற்று முன்பு. அந்தச் சுதந்திரம் பேச்சில் தெரியும். செலவு என்று பார்த்தால் குடி. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில்தான் நீங்கியது. படம் அந்தக் குஷியிலேயே மிதக்கிறது. குடியால் நொந்த வீட்டில் இதை வேடிக்கையாகப் பார்க்க முடியாது. அப்படியானால் யோசிக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள். ஆபத்து வரும் இடத்தில் நிக் நோராவை ஒரு குத்து விட்டுக் கீழே தள்ளுகிறார், டாக்சியில் ஏற்றி வேறெங்கோ அனுப்பிவிடுகிறார். காப்பாற்றத்தான் என்றாலும் அவளைக் கேட்டா செய்கிறார்? நோரா திரும்பி வந்து அதற்குக் கொடுக்கும் பதில்கள் படத்தின் சிறந்த வசனங்களில் சேரும்.

இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லாத வாரம் என்றால் இதைப் போடுங்கள். படத்தில் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. குற்றம் சொல்ல கொலையாளி ஒருவன் இருக்கிறான். ஒருவருக்குத்தான் காதல் படம் பிடிக்கும், இன்னொருவருக்குத் துப்பறியும் கதை வேண்டும் என்றாலும் இதுவே.

## மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்

தேடும்போது 1941 என்று சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் பிராட் பிட் துப்பாக்கியோடு வருவார். இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை.

திகில் படங்களுக்குப் பேர்போன ஹிட்ச்காக் எடுத்த காமெடி என்பதே பலருக்கு ஆச்சரியம். நான்கில் மிக நல்ல கரு இதனுடையது. மறுபடி வாய்ப்பு கிடைத்தால் என்னையே கல்யாணம் செய்துகொள்வாயா என்று காலைச் சாப்பாட்டில் மனைவி ஆன் (கரோல் லொம்பார்ட்) கேட்கிறாள். உண்மை பேசுவது என்ற வீட்டு விதிப்படி, மாட்டேன் என்கிறான் டேவிட் (ராபர்ட் மான்ட்கோமரி). அன்றைக்கே ஓர் அதிகாரி வந்து, ஊர் எல்லைக் குழப்பத்தால் உங்கள் கல்யாணமே செல்லாது என்கிறார். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் மறுபடி கேட்பான் என்று அவள் காத்திருக்கிறாள். கல்யாணத்தின்போது போட்ட பழைய உடையை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் போன அதே உணவகத்துக்குப் போகிறார்கள். உணவகம் பாழாகிக் கிடக்கிறது. மேஜையில் ஏறிய பூனைகூட சூப்பைத் தொட மாட்டேன் என்கிறது.

இதுவரை முதல் அரைமணி. இந்த அரைமணிக்காகவே பார்க்கலாம். அதற்கப்புறம் கதை பனிச்சறுக்கு ஊர் வரை ஓடி மூச்சு வாங்குகிறது. டேவிட் ஒரு தடவையாவது மனதாரக் கேட்டுவிட்டால் படம் முடிந்துவிடும் என்று நமக்குத் தெரிவதால் எரிச்சல் வருகிறது. லொம்பார்ட்டை இதுவரை பார்த்ததில்லை என்றால் பாருங்கள். 1942 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 33தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் காலைச் சாப்பாட்டுக் கேள்வி அவர்களுக்கு இன்னும் விளையாட்டாகத்தான் இருக்கும். பதினைந்து வருஷம் ஆனவர்கள் அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டாம்.

## தி பிலடெல்பியா ஸ்டோரி ஏன் இல்லை

எல்லாரும் முதலில் சொல்லும் படம் அது. நல்ல படம்தான், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் கதையில் விவாகரத்து ஏற்கெனவே முடிந்துவிட்டது. கல்யாண வாழ்க்கை திரையில் இல்லை. தொடக்கக் காட்சியில் கேரி கிராண்ட் மனைவியின் முகத்தில் கைவைத்துத் தள்ளி விழவைப்பதைச் சிரிப்பாகக் காட்டுகிறார்கள். பிறகு அப்பா தன் கள்ள உறவுக்கு மகளின் பாசக் குறைவைக் காரணம் சொல்கிறார், படமும் அவர் பக்கமே நிற்கிறது. தனியாகப் பாருங்கள், ரசிக்கலாம். கல்யாண நாளுக்கு வேண்டாம்.

## பார்த்தது பிடித்துவிட்டால்

தின் மேன் பிடித்தவர்கள் நேரே 1936இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் போகலாம். பவெலும் லாயும் மொத்தம் பதினான்கு படங்களில் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். ஆடம்ஸ் ரிப் பிடித்தால் ட்ரேசி, ஹெப்பர்ன் ஜோடிக்கு ஒன்பது படங்கள். எல்லாம் இந்தத் தரத்தில் இல்லை, அவசரப்பட்டு வரிசையாகப் பார்க்க வேண்டாம். ஆஃபுல் ட்ரூத் பிடித்தவர்களுக்கு அதே கிராண்ட், டன் ஜோடி 1940இல் மை ஃபேவரிட் வைஃபில் மறுபடி வருகிறது. கடலில் காணாமல்போன மனைவி ஏழு வருஷம் கழித்து, கணவனின் இரண்டாம் கல்யாணம் நடந்த அன்றே வந்து நிற்கிறாள். மெக்கேரி இயக்க வேண்டிய படம். கார் விபத்தில் அடிபட்டதால் கார்சன் கேனின் கைக்குப் போனது. ஆம், பின்னாளில் ஆடம்ஸ் ரிப்பை எழுதிய அதே கேனின்தான்.